வலு குறைந்துவிட்டது என்றால் எது குறைந்தது?

2023 மே 14, ஞாயிற்றுக்கிழமை மதியம். மோக்கா புயல், பர்மாவின் மேற்கே ரக்கைன் கரையில் இருக்கும் சிட்வேக்குப் பக்கத்தில் கரையைக் கடக்கப் போகிறது. நாங்கள் இருப்பது ரங்கூனில், அங்கிருந்து சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி. தெருமுனை டீக்கடையில் ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு கணக்கு. ஒருத்தர் மணிக்கு 215 கிலோமீட்டர் காற்று என்கிறார், எதிரே உட்கார்ந்தவர் "அட, 250க்கு மேலேங்க" என்று மேசையைத் தட்டுகிறார். இரண்டு பேருக்கும் நடுவில் சமூசாவைச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நிதானமாகச் சொன்னார்: "அதெல்லாம் காலையோட சரி தம்பி. இப்ப வலு குறைஞ்சிடுச்சாம்." உடனே எல்லோருக்கும் ஒரு நிம்மதி, இன்னொரு ரவுண்டு டீ வந்தது.

அந்தக் "குறைஞ்சிடுச்சாம்" எனக்கு மட்டும் ஒட்டவில்லை. பெரியவர் சொன்னது பொய்யில்லை, மோக்கா நிஜமாகவே அன்று காலையில் உச்சத்தைத் தொட்டுவிட்டுக் கரைக்கு வரும்போது கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. ஆனால் இதே வார்த்தையை நான் 2008 ஏப்ரல் கடைசியிலும் கேட்டிருக்கிறேன், யாரோ சொல்லி யாரோ கேட்டு எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் வந்த செய்தியாக. அந்தப் புயலின் பெயர் நர்கிஸ்.

நர்கிஸ் உருவானது ஏப்ரல் 27, வங்கக்கடலின் நடுவே. முதலில் வடமேற்காக நகர்ந்து வேகமாக வலுவானது, 29ஆம் தேதி வறண்ட காற்று உள்ளே புகுந்து அதை இளைக்க வைத்தது. அதோடு விட்டிருந்தால் இன்று யாருக்கும் அந்தப் பெயர் நினைவிருக்காது. ஆனால் அது கிழக்கே, அதாவது எங்கள் பக்கம், திரும்பி, ஒரே நாளில் மறுபடி வெறிகொண்டு வளர்ந்து, மே 2ஆம் தேதி ஏறக்குறைய உச்ச வலுவிலேயே ஐராவதி டெல்டாவில் ஏறியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாகச் சுமார் 1,38,000 பேர். பர்மாவில் வாழும் நம்மவர்களுக்கு இது வெறும் எண் இல்லை, டெல்டாவில் நெல்லோடும் அரிசி மில்லோடும் பிழைத்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ.

ஆக, இளைத்த புயல் மறுபடி கொழுக்கும், கொழுத்த புயல் கரைக்குப் பக்கத்தில் இளைக்கும். ஏன் என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன். நான் வானிலை படித்தவன் இல்லை, நர்கிஸுக்குப் பிறகு இதையே விடாமல் படித்து வந்தவன், அவ்வளவுதான். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அட்லாண்டிக்கில் ஹரிக்கேன், ஜப்பான் பக்கம் டைஃபூன், நமக்கு சைக்ளோன், எல்லாம் ஒரே பிராணிதான், ஊருக்கு ஊர் பெயர் வேறு. அதனால் உதாரணத்துக்கு அமெரிக்கா, மெக்சிகோ பக்கமும் போய் வருவேன்.

டீக்கடைச் சண்டையை முதலில் தீர்த்துவிடலாம். 215 சரியா, 250க்கு மேல் சரியா? இரண்டும் சரி. காற்று ஒரே சீராக வீசுவதில்லை, விட்டு விட்டு அடிக்கும், அதனால் சில நிமிடச் சராசரியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். இந்திய வானிலைத் துறை மூன்று நிமிடச் சராசரி எடுக்கிறது, அமெரிக்க ராணுவத்தின் டைஃபூன் மையம் ஒரு நிமிடச் சராசரி எடுக்கிறது, ரீயூனியன் தீவில் இருக்கும் மையம் தன் பக்கத்துக் கடலுக்குப் பத்து நிமிடம் எடுக்கிறது. நிமிடம் குறையக் குறைய எண் பெரிதாகத் தெரியும். நர்கிஸுக்கு இந்தியக் கணக்கு 165, அமெரிக்கக் கணக்கு 215; இந்த வித்தியாசம் முழுக்கச் சராசரியால் மட்டும் இல்லை, ஒவ்வொரு மையமும் மதிப்பிடுகிற விதமும் வேறு. அதனால் காலையில் ஒரு தளத்தில் பெரிய எண்ணைப் பார்த்துவிட்டு மாலையில் வேறொரு தளத்தில் சின்ன எண்ணைப் பார்த்து "குறைந்துவிட்டது" என்று முடிவு கட்டினால், குறைந்தது புயலாக இல்லாமல், கணக்கு எடுத்த விதமாக இருக்கலாம்.

இன்னொன்று, நம் கடலில் இந்த எண்ணை யாரும் புயலுக்குள் போய் அளப்பதில்லை. அட்லாண்டிக்கில் விமானம் ஓட்டிக்கொண்டு புயலின் கண்ணுக்குள்ளேயே போய் வருகிறார்கள். வங்கக்கடலில் பெரும்பாலும் செயற்கைக்கோள் படத்தில் மேகம் எப்படிச் சுருண்டிருக்கிறது, கண் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பார்த்து மதிப்பிடுவதுதான், ட்வோராக் முறை என்று பெயர். அதில் இரு பக்கமும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

சரி, புயல் எதைத் தின்று வளர்கிறது?

சூடான கடல். கடலின் மேல்மட்டம் சுமார் 26.5 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். கடல் நீர் ஆவியாகி மேலே ஏறி, குளிர்ந்து, மறுபடி நீர்த்துளியாக மாறும்போது, ஆவியாவதற்கு வாங்கிக்கொண்ட சூட்டைத் திருப்பிக் கொடுக்கும். அந்தச் சூடு மேகத்தை இன்னும் உயரத் தள்ளும், கீழே அழுத்தம் குறையும், குறைந்த இடத்தை நிரப்பச் சுற்றிலுமிருந்து காற்று ஓடி வரும், பூமி சுழல்வதால் அந்தக் காற்று நேராக வராமல் சுழன்று வரும். ஓடி வரும் காற்று கடலை உரசி இன்னும் ஆவியை அள்ளிக்கொண்டு வரும். தானே தனக்கு விறகு பொறுக்கிப் போட்டுக்கொள்கிற அடுப்பு.

ஆனால் மேல்மட்டம் மட்டும் சூடாக இருந்தால் போதாது, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எங்கள் வீட்டுப் பின்கட்டில் குளிக்கிற சிமெண்ட் தொட்டி ஒன்று இருக்கிறது, இங்கே முக்கால்வாசி வீட்டில் இருக்கும். ஏப்ரல் மாதம் மூன்று மணி வெயிலில் போய் முதல் சொம்பை மொண்டு ஊற்றினால் வெந்நீர், "ஐயோ" என்று கத்த வேண்டியிருக்கும். கையை விட்டு நாலு தடவை கலக்கிவிட்டு மொண்டால் ஜில்லென்று இருக்கும், ஏனென்றால் வெயில் சூடாக்கியது மேலே ஒரு சாண் தண்ணீரைத்தான். புயலும் கடலை அப்படித்தான் கலக்குகிறது, சொம்பால் அல்ல, பலத்த காற்றாலும் பெரிய அலையாலும். அடியில் இருக்கும் குளிர்ந்த நீர் மேலே வந்துவிட்டால் தன் அடுப்பில் தானே தண்ணீர் ஊற்றிக்கொண்ட மாதிரி. அதிலும் ஒரே இடத்தில் மெதுவாக நின்று நகர்கிற புயல் தன் காலடியையே குளிர வைத்துக்கொள்ளும். வேகமாக ஓடுகிற புயல், தான் கலக்கிய இடத்தை விட்டு அடுத்த சூட்டுக்குப் போய்விடும். அதனால்தான் அறிவிப்பில் "மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது", "மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது" என்று வருகிற அந்தச் சின்ன எண்ணை நான் எப்போதும் பார்ப்பேன். காற்றின் வேகம் வேறு, புயல் நகர்கிற வேகம் வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சூடான நீர் எவ்வளவு ஆழத்துக்கு இருக்கிறது என்பதுதான் விஷயம். நர்கிஸ் கிழக்கே திரும்பி வந்த வழியில் சூடான நீர் வழக்கத்தைவிட ஆழமாகத் தேங்கியிருந்தது என்று பிற்பாடு ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். எவ்வளவு கலக்கினாலும் மேலே வந்ததும் சூடான நீரே, தொட்டியை அடிவரை வெந்நீரால் நிரப்பி வைத்தது போல.

வங்கக்கடலுக்கு இன்னொரு குணமும் உண்டு. கங்கை, பிரம்மபுத்திரா, நம் ஐராவதி என்று பெரிய பெரிய ஆறுகள் எல்லாம் இதிலும் பக்கத்து அந்தமான் கடலிலும்தான் விழுகின்றன. ஆற்று நீரில் உப்பில்லை, லேசு, அதனால் அது கடலின் மேலே எண்ணெய் மிதப்பது போல ஒரு பரப்பாகப் படர்ந்துவிடுகிறது, அடியில் இருக்கும் கனமான உப்பு நீரோடு எளிதில் கலப்பதில்லை. புயல் கலக்கினாலும் குளிர்ந்த நீர் சுலபமாக மேலே வருவதில்லை. முக்கியமாக மழைக்காலம் முடிந்த பிறகு, அக்டோபர், நவம்பரில், இது நன்றாகத் தெரியும். 2010 அக்டோபரில் கீரி என்று ஒரு புயல் வந்தது நினைவிருக்கிறதா? சும்மா தாழ்வு நிலையாக இருந்தது இரண்டே நாளில் பயங்கரப் புயலாகி 22ஆம் தேதி ரக்கைன் கரையில் சவுக்பியூ பக்கம் ஏறியது. மூட்டை கட்டக்கூட நேரம் கொடுக்காத புயல். அதற்கு ஆற்று நீர் எவ்வளவு காரணம் என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் நம் கடலில் இப்படி நடக்க வசதி இருக்கிறது என்பது தெரியட்டும்.

கடல் இவ்வளவு சூடு என்றால் ஜூலை, ஆகஸ்டில் ஏன் பெரிய புயல் வருவதில்லை? கடல் அப்போதும் சூடுதான், மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, ஈரத்துக்கும் குறைவில்லை. காரணம் மேலே இருக்கிறது. பருவமழைக் காலத்தில் கீழ்க்காற்று மேற்கிலிருந்து வருகிறது, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்று கிழக்கிலிருந்து பாய்கிறது. புயல் என்பது நேராக எழும்பி நிற்க வேண்டிய ஒரு புகைக்கூண்டு. சாமி அறையில் சாம்பிராணி போட்டுவிட்டுப் பாருங்கள், ஜன்னல் எல்லாம் மூடியிருந்தால் புகை ஒரு கயிறு போல நேராக மேலே போகும், விசிறியைப் போட்டால் பாதியிலேயே கிழிந்து பக்கவாட்டில் போய்விடும். அடியில் ஒரு திசை, உச்சியில் ஒரு திசை என்று காற்று இழுத்தால் புயலின் தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் ஆகிவிடும், நடுவில் சேர்ந்த சூடு எல்லாம் சிதறிப் போய்விடும். இதை விண்ட் ஷியர் என்பார்கள், தமிழில் காற்று முறிவு என்றும் எழுதுகிறார்கள். நமக்குப் பெரிய புயல்கள் ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் என்று பருவமழைக்கு முன்னும் பின்னுமாக வருவது பெரும்பாலும் இதனால்தான்: அப்போது கடலும் சூடாக இருக்கும், மேலே இழுப்பும் குறைவாக இருக்கும்.

வறண்ட காற்று மூன்றாவது எதிரி. புயலுக்குள் ஈரமில்லாத காற்று புகுந்தால் மேகத்துளிகள் மறுபடி ஆவியாகும், அதற்குச் சூடு செலவாகும், சூடு போனால் மேலே ஏற வேண்டிய காற்று குளிர்ந்து கீழே இறங்கும். 2013 நவம்பரில் லெஹர் என்று ஒரு புயல், அந்தமானைத் தாண்டி ஆந்திராவை நோக்கி மிகத் தீவிரமாகப் போனது, ஆட்களை எல்லாம் அப்புறப்படுத்தினார்கள், கடைசியில் நடுக்கடலிலேயே கரைந்து மசூலிப்பட்டினம் பக்கம் வெறும் தாழ்வு மண்டலமாகக் கரையேறியது. அப்படியும் நடக்கும். அப்போது "சும்மா பயமுறுத்தினாங்க" என்று பேசியவர்கள் இருந்திருப்பார்கள், எல்லா ஊரிலும் இருப்பார்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் வெளியிலிருந்து புயலுக்கு வருவது. புயல் தனக்குள்ளேயே தோலை உரிக்கிற சங்கதி ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடித்தது. வலுவான புயலின் நடுவே கண், கண்ணைச் சுற்றி ஒரு மேகச் சுவர், புயலின் மிக மோசமான காற்று அந்தச் சுவரில்தான். சில சமயம் அந்தச் சுவருக்கு வெளியே இன்னொரு வளையம் உருவாகிவிடும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும்: சந்தைக்குப் போகிற சரக்கை ஊருக்கு வெளியே புதிதாக ஒரு செக்போஸ்ட் போட்டு மடக்கினால் உள்ளே இருக்கிற கடைக்கு என்ன வரும்? வெளி வளையம் ஈரத்தையும் சூட்டையும் வழியிலேயே பிடுங்கிக்கொள்ளும், உள் சுவர் பட்டினி கிடந்து செத்துவிடும். அந்த நேரத்தில் காற்றின் உச்ச வேகம் இறங்கும், செய்தியில் "வலு குறைந்தது" என்று வரும். ஆனால் அப்புறம் வெளி வளையமே புதுக் கண் சுவராகி மெல்லச் சுருங்கத் தொடங்கும். கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றுங்கள், சுற்றும்போதே கயிற்றை உள்ளே இழுத்துக் குட்டையாக்கக் குட்டையாக்கக் கல் வேகமாகச் சுற்றும் இல்லையா, அதே கணக்குதான், வளையம் சுருங்கச் சுருங்கக் காற்று வேகம் ஏறும். மோக்காவும் கரைக்கு வருமுன் இப்படி ஒரு சுற்று சுவர் மாற்றிக்கொண்டுதான் உச்சத்துக்குப் போனது.

இதில் கவனிக்க வேண்டியது, சுவர் மாற்றி முடித்த புயல் பெரும்பாலும் முன்னைவிட அகலமாகிவிடும். உச்ச வேகம் குறைந்திருக்கலாம், ஆனால் பலத்த காற்று அடிக்கிற பரப்பு கூடிவிடும், முன்னே தப்பித்திருக்க வேண்டிய கிராமம் இப்போது உள்ளே வந்துவிடும். இதையும் செய்தியில் ஒரே வார்த்தையில் "குறைந்தது" என்றுதான் போடுகிறார்கள், எனக்கு அதில்தான் ஆத்திரம்.

அப்புறம் நிலம். கரைக்குப் பக்கத்தில் வந்ததுமே, கண் இன்னும் கடலில் இருக்கும்போதே, புயலின் ஒரு கை நிலத்தைத் தொட ஆரம்பித்துவிடும். அந்தப் பக்கத்தில் ஆவி இல்லை, வறண்ட காற்று, மரம், மலை, வீடு எல்லாம் உரசல். கரையேறியதும் அடியோடு தீனி நின்றுவிடும். ஆனால் எந்த நிலம் என்பதைப் பார்க்க வேண்டும். ரக்கைன் கரையில் ஏறினால் உள்ளே போனதும் அரக்கான் யோமா மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது, புயலின் அடிப்பாகத்தை அது சீக்கிரம் கிழித்துப் போட்டுவிடும், ஆனால் அதே மலை மழையைப் பிழிந்தெடுத்து வெள்ளமாக அனுப்பும். டெல்டா அப்படியில்லை. உள்ளங்கை போலத் தட்டையான நிலம், பாதி நிலம் பாதி தண்ணீர், அதிலும் நர்கிஸ் கிழக்கே போன வழி கரையை ஒட்டியே இருந்ததால் அதன் ஒரு பாதி கடலுக்கு மேலேயே கிடந்தது, தீனி முழுக்க நிற்கவே இல்லை. அதனால்தான் கரையேறிப் பல மணி நேரம் கழித்தும் ரங்கூனை அப்படி அடித்தது.

அந்த இரவு எனக்கு நினைவில் இருப்பது சத்தம்தான். எங்கள் வீடு மரவீடு, தகரக் கூரை. நள்ளிரவுக்குப் பிறகு தகரத்து ஆணி ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தது, டிக், டிக் என்று, யாரோ மேலே உட்கார்ந்து சாவகாசமாகக் கழற்றுகிற மாதிரி. அப்பா எண்ணிக்கொண்டே இருந்தார். பதினொன்றோ பன்னிரண்டோ எண்ணியதும் ஒரு முழுத் தகரம் சடாரென்று போய்விட்டது, அப்புறம் எண்ணுவதை நிறுத்திவிட்டார். விடிந்து பார்த்தால் தெருவின் அந்தப் பெரிய மழைமரம் வேரோடு சாய்ந்து, வேர் எங்கள் வாசல் உயரத்துக்கு நின்றது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக, அதாவது வேகத்தை அதனாலேயே பெருக்கிய கணக்கில், ஏறும் என்பதைப் பிற்பாடு படித்தபோது இந்த ஆணிகள்தான் ஞாபகம் வந்தன. வேகம் 100லிருந்து 140க்குப் போனால் நாற்பது சதம்தானே கூடியது என்று தோன்றும், ஆனால் தகரத்தின் மேல் விழும் அழுத்தம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. குறையும்போதும் அப்படித்தான், கரைக்கு முன்னால் காற்று நிஜமாகவே கொஞ்சம் குறைந்தால் கூரைக்கு அது பெரிய உபகாரம். அதை நான் மறுக்கவில்லை.

கூரைக்கு உபகாரம், தண்ணீருக்கு இல்லை. இந்தக் கட்டுரையை நான் எழுத ஆரம்பித்ததே இந்த ஒரு வரிக்காகத்தான்.

என் பெரியம்மா வீடு டெல்டாவில், பியாபோன் ஊருக்குத் தெற்கே ஒரு கிராமம். அங்கே ஆளைக் கொன்றது காற்றில்லை, கடல். புயல் வரும்போது மணிக்கணக்கில் காற்று கடல் நீரை ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டே வருகிறது, ஆழமான இடத்தில் அந்த நீர் அடியில் திரும்பிப் போய்விடும், ஆழமில்லாத கடலில் திரும்ப இடமில்லை, குவிந்து மேலே ஏறுகிறது. டெல்டாவுக்கு முன்னே இருக்கும் கடல் அப்படி ஆழமில்லாத கடல், அதோடு ஆற்று வாய்கள் எல்லாம் புனல் மாதிரித் திறந்து கிடக்கின்றன. நர்கிஸில் சில இடங்களில் நான்கைந்து மீட்டர் உயரம் கடல் ஏறி, பல மைல் உள்ளே போனது. பெரியம்மா வீட்டார் பக்கத்து நெல் மில்லின் செங்கல் மாடியில் ஏறித் தப்பினார்கள். கீழே வந்தபோது குடிநீர்க் குளம் உப்பாகிவிட்டது, அடுத்த மழைக்காலம் முழுக்கப் பெய்தும் அதில் அந்தக் கசப்பு போகவில்லை என்று பெரியம்மா இன்னும் சொல்வார்.

இப்போது, கடைசி ஆறு மணி நேரத்தில் புயல் கொஞ்சம் இளைத்தால் இந்தத் தண்ணீர் என்ன ஆகும்? சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் தண்ணீர் டின் ஏற்றிக்கொண்டு போகிறவர் சட்டென்று பிரேக் போட்டால் வண்டி நிற்கும், டின்னில் இருக்கும் தண்ணீர் நிற்காது, குதித்து முன்னால் போகும். மணிக்கணக்கில் தள்ளிக் குவித்த கடல், காற்று குறைந்துவிட்டது என்ற தகவலைக் கேட்டுத் திரும்பிப் போகாது. இதற்கு உலகத்துக்கே தெரிந்த உதாரணம் அமெரிக்காவின் கத்ரீனா. 2005 ஆகஸ்ட் 28 அன்று நடுக்கடலில் மணிக்கு 280 கிலோமீட்டர், ஐந்தாம் வகை, அவர்கள் கணக்கில் அதற்கு மேல் வகையே இல்லை. மறுநாள் கரையேறும்போது சுமார் 200, மூன்றாம் வகைக்கு இறங்கிவிட்டது. ஆனால் மிசிசிப்பிக் கரையில் கடல் எட்டு மீட்டருக்கு மேல் ஏறியது. அது மூன்றாம் வகைக் காற்றோடு வந்த ஐந்தாம் வகைத் தண்ணீர். கத்ரீனா ரொம்ப அகலமான புயல் என்பதும் ஒரு காரணம், தண்ணீருக்கு உச்ச வேகம் மட்டுமில்லை, அகலமும் முக்கியம்.

எதிர்ப்பக்கத்திலும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எல்லாப் புயலும் கரைக்கு முன் இளைக்கும் என்று நினைத்துக்கொள்வீர்கள். 2023 அக்டோபர் 24 காலையில் மெக்சிகோவுக்குத் தெற்கே ஓட்டிஸ் ஒரு சாதாரணப் புயல். அடுத்த ஒரு நாளுக்குள் ஐந்தாம் வகையாகி, 25ஆம் தேதி அதிகாலை அகபுல்கோ நகரத்தின் மேல் ஏறிவிட்டது. முன்கணிப்பு அதைப் பிடிக்கவில்லை. ஒரு நாளில் 55 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடினால் அதை அதிவேக வலுவடைதல் என்கிறார்கள், ஓட்டிஸ் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் போனது. புயல் எந்தப் பக்கம் போகும் என்பதை இப்போது நன்றாகவே சொல்லிவிடுகிறார்கள், ஏனென்றால் அதைத் தள்ளுவது சுற்றியிருக்கும் பெரிய காற்றோட்டம். எவ்வளவு வலு ஆகும் என்பதைச் சொல்வதுதான் கஷ்டம், அது கண்ணைச் சுற்றியுள்ள சில பத்து கிலோமீட்டருக்குள், மேகத்துக்குள் மேகமாக நடக்கிற வேலை. அதனால் பாதையை நம்புங்கள், வலுவைச் சொல்கிற எண்ணுக்கு மட்டும் மனதுக்குள் ஒரு படி மேலே போட்டுக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

இங்கே பர்மாவில் வானிலைத் துறை நிறத்தில் அறிவிப்பு கொடுக்கும், டிவியில் கீழே ஓடுமே, அது. மஞ்சள் என்றால் கடலில் புயல் உருவாகியிருக்கிறது, இன்னும் நம் கரையை நோக்கி வரவில்லை. ஆரஞ்சு என்றால் நம் பக்கம் திரும்பிவிட்டது. சிவப்பு, பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கரையேறும். பழுப்பு, ஏறிக்கொண்டிருக்கிறது. பச்சை, ஓய்ந்தது. கவனித்துப் பாருங்கள், இந்த நிறங்கள் புயல் எங்கே இருக்கிறது என்பதைத்தான் சொல்கின்றன, எவ்வளவு வலு என்பதை அல்ல. சிவப்பு என்றால் பெரிய புயல், ஆரஞ்சு என்றால் சின்னப் புயல் என்று எங்கள் தெருவில் இன்னமும் நினைக்கிறார்கள்.

மோக்கா அன்று சாயங்காலம் படங்கள் வர ஆரம்பித்தன. சிட்வே தெருக்களில் தண்ணீர் ஆறாக ஓடியது, போன் கோபுரம் ஒன்று மடங்கி விழுந்தது. அதற்குள் டீக்கடைப் பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தார்.

பெரியம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது, இன்னும் அதே கிராமத்தில்தான் இருக்கிறார், வரச் சொன்னால் வரமாட்டேன் என்கிறார். ஏப்ரல், மேயில் கடலில் எதாவது சுருண்டால் போன் வந்துவிடும். நானும் பழக்கதோஷத்தில் காற்று இவ்வளவு, நேற்று அவ்வளவு இருந்தது, இன்று குறைந்திருக்கிறது என்று ஆரம்பிப்பேன். அவர் முழுக்கக் கேட்கமாட்டார். "அது கெடக்கட்டும்பா. அது ஏறுற நேரத்துல நம்ம ஆத்துல தண்ணி ஏத்தமா, வத்தமா?" என்பார். நான் கடல் ஏற்ற நேரப் பட்டியலைத் தேடி எடுத்து, ராத்திரி இத்தனை மணிக்கு ஏற்றம் பெரியம்மா என்று சொன்னால், "அப்ப சரி, பொழுது சாயறதுக்குள்ள மில்லு மாடிக்குப் போயிடறோம்" என்று போனை வைத்துவிடுவார்.